நித்யஸ்ரீயின் ஒன்பது அட்டைகள்

6 அக்டோபர் 2024

நடவு முடிந்து எட்டு நாள் ஆகிறது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. இன்று மழை இல்லை.

இந்த மூன்று வரியை எழுதி முடிப்பதற்குள் மருமகள் பங்கஜவல்லி வைத்த டீ ஆறிவிட்டது. ஆறினால் என்ன? எழுபத்தொரு வயதில் நானே எழுதியது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

சமுதாயக் கூடத்தில் தினமும் மூன்று மணிக்கு வகுப்பு. டீச்சர் நௌஷின் சின்னப் பெண்தான். "தினம் நாலு வரி உங்களுக்காக எழுதுங்க ஐயா. நான் திருத்த மாட்டேன்" என்றது. நாற்பது பக்க நோட்டும் அதுவே கொடுத்தது.

இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். உர மூட்டையில் 'கொக்கி உபயோகிக்காதீர்' என்று போட்டிருக்கிறது. முப்பது வருஷமாகக் கொக்கி போட்டுத்தான் தூக்கியிருக்கிறேன்! தெருமுனையில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸை இன்று முழுதாகப் படித்து முடித்தேன். 'பிரான்ஸ் நாட்டில் கல்வி பயிலச் சென்றிருக்கும் எங்கள் குலவிளக்கு நித்யஸ்ரீ கார்த்திகேசனை வாழ்த்துகிறோம்.' கீழே சின்ன எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். நாலாவது பெயர் சுப்பையன். ஆகஸ்ட் மாதம் அதைக் கட்டியபோது நானும் கயிற்றைப் பிடித்தேன். அதில் என் பெயர் இருந்தது அன்று எனக்குத் தெரியாது.

11 அக்டோபர்

மூன்றாவது அட்டை வந்தது. தபால்காரர் சஃபியுல்லா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே "பெரியவரே, பாரிஸு!" என்று கத்தினார்.

பேத்தி எனக்காகப் பெரிய எழுத்தாக, இடம் விட்டு விட்டு எழுதுகிறாள். "தாத்தா. நான் நலம். இங்கே குளிர். கோட்டை பெரியது." நானாகவே படித்தேன். கோட்டையை மட்டும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

மறுபக்கம் அந்தக் கோட்டையின் படம். முதல் அட்டையில் இரும்புக் கோபுரம். இரண்டாவதில் கடல். ஒன்றரை மாதத்தில் எவ்வளவு பார்த்துவிட்டாள்! நான் காரைக்கால்மேட்டுக் கடலைப் பார்த்திருக்கிறேன். வெளியூர் என்றால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி.

20 அக்டோபர்

வயலில் களை. இடுப்பு வலி. எழுத உட்கார்ந்தால் வலி தெரியவில்லை.

அவள் போன கதையை எழுதி வைக்கிறேன். நித்யா கல்லூரியில் பிரெஞ்சு படித்தாள். ஒரு வருஷம் அந்த நாட்டிலேயே போய்ப் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல நாட்டுப் பிள்ளைகளும் ஒரே ஹாஸ்டலில் இருப்பார்களாம். ஒருவர் ஊர்ச் சாப்பாட்டை ஒருவர் சாப்பிட்டு, ஒருவர் பண்டிகையை ஒருவர் பார்த்து. அவள் ஆசைப்பட்டதே அந்த ஹாஸ்டலுக்குத்தான்.

நான்தான் ஹாஸ்டல் வேண்டாம் என்றேன். பாரிஸ் பக்கத்தில் ழான் வீடு இருக்கிறது. ழானின் அப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அதனால் குடும்பமே அந்த நாட்டுப் பிரஜை. அவர் நிலத்தை முப்பது வருஷம் குத்தகைக்கு உழுதேன். காரைக்காலில் அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கும் நாற்காலி போடுவார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்! "முகம் தெரியாத ஊர்ல முகம் தெரியாத புள்ளைங்களோட எதுக்கு? நம்ம ஊர்க்காரங்க வீடு இருக்கு. அங்க தங்கினா போ. இல்லன்னா போகவேணாம்" என்றேன். மகன் கார்த்திகேசன் என் பேச்சைத் தட்டவில்லை. ழான் வாடகையே வேண்டாம் என்றுவிட்டார், வீட்டில் கொஞ்சம் கை உதவி செய்தால் போதுமாம்.

நித்யா ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "சரி தாத்தா" என்றாள்.

17 நவம்பர்

இதுவரை ஆறு அட்டை. பனி மலை, பெரிய மாதா கோயில், திராட்சைத் தோட்டம். எல்லாவற்றையும் வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். என் பக்கத்தில் உட்காரும் சொர்ணாம்பாளுக்கு என்னைவிட மூன்று வயது கூட. வாய் அதைவிடக் கூட.

"ஏன் சுப்பையா, ஒவ்வொரு அட்டையிலயும் பேத்தி நாலு வார்த்தைதான் எழுதுது. மிச்சத்தை எப்ப எழுதும்?"

"எனக்குப் படிக்க வரணும்ல?"

"உனக்கு வந்துடுச்சே. இப்பதான் பஞ்சாயத்து நோட்டீஸ மூச்சு விடாம படிச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

24 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை ஃபோன். பங்கஜம் ஃபோனில் முகம் தெரிகிற மாதிரி வைத்தாள். நித்யா இளைத்திருந்தாள். "குளிர்ல எல்லாரும் இப்படித்தான் தாத்தா" என்றாள். பனி மலை எப்படி இருந்தது என்று கேட்டேன். "வெள்ளையா இருந்துச்சு" என்றாள். பின்னாலிருந்து யாரோ "நித்யா!" என்று கூப்பிட்டார்கள். "வரேன் ஆன்ட்டி." அதோடு முடிந்தது.

பங்கஜம் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

24 டிசம்பர்

ழான் குடும்பம் லீவுக்குக் காரைக்கால் வந்திருக்கிறது. கருவடாம், மிளகாய்ப் பொடி, மாங்காய்த் தொக்கு எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். இங்கிருந்து யார் பாரிஸ் போனாலும் அவர்கள் பெட்டியில் நாலு வீட்டு ஊறுகாய் இருக்கும். நித்யாவுக்குக் கொடுத்தனுப்ப எனக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

ழான் எழுந்து வந்து கையைப் பிடித்தார். நாற்காலி போட்டார்கள். அவர் மனைவி ஷர்லோத் காபி கொடுத்தது.

"உங்க பேத்தி தங்கம்ங்க. அவ வந்த நாள்லேர்ந்து நான் அடுப்படிப் பக்கமே போகல. படுத்த படுக்கையா கிடக்கிற எங்க அத்தைக்கு எல்லாம் அவதான். நர்ஸ் வரவேணாம்னு நிறுத்திட்டோம்னா பாத்துக்குங்களேன்."

நான் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

"அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

"அப்ப அத்தைய யாரு பாக்குறது?"

"காலேஜு?"

"வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள் போயிட்டுத்தான் வர்றா. இப்ப என்னமோ பரீட்சை. அடுத்த தடவை எழுதிக்கலாமாம்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "ஊரெல்லாம் சுத்திப் பாக்குறாளே, அட்டையில..." என்றேன்.

"அதுவா! அது எங்க டிராயர்ல கிடந்த பழைய கார்டு. நாங்க போன எடத்துல வாங்கினது. தாத்தாவுக்கு அனுப்பணும்னா. எடுத்துக்கன்னேன். எழுதி எங்கிட்ட குடுப்பா, நான்தான் தபால்ல போடுவேன்."

ழான் என் தோளில் கை வைத்தார். "பாஸ்போர்ட்டுகூட எங்கிட்டதான் இருக்கு சுப்பையன். புள்ளைய வெளியில விடாம பத்திரமா பாத்துக்கங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படியே பாத்துக்குறோம். கவலைய விடுங்க."

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ஒரு சாக்லெட் டப்பா கொடுத்தார்கள். தெருமுனையில் ஃபிளெக்ஸுக்குக் கீழே அதை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

25 டிசம்பர்

எட்டு அட்டையையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றின் மூலையில் மஞ்சள் கறை. பழசு. முதல் நாளே கண்ணில் பட்ட கறைதான். கப்பலில் வந்ததால் இருக்கும் என்று நினைத்தேனே. மடையன்.

26 டிசம்பர்

கார்த்திகேசனிடம் கேட்டேன். மின்துறை ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும்ப்பா. சத்தம் போடாதீங்க. அனுசரிச்சுப் போகணும்."

"நாலு மாசமா அவ அங்க வேலைக்காரிடா."

"அவங்க பையன் திதியேக்கு இவளக் கேக்குற மாதிரி பேசுறாங்க. கல்யாணம் ஆனா பிரெஞ்சு நேஷனாலிட்டி. நாளைக்கு அது அவ வீடு. மாமியார் வீட்டு வேலைய ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சா என்ன தேஞ்சா போவா? தெருவுல ஃபிளெக்ஸ் கட்டி வச்சிருக்கோம். இப்ப திரும்பி வந்தா என்னன்னு சொல்லுறது?"

படிக்கப் போன பிள்ளை. இரண்டு பேருமாக அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம், நான் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்.

28 டிசம்பர்

பங்கஜம் அவித்த நெல்லைக் காயப்போடும் சாக்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும் மாமா. தாத்தாகிட்ட சொல்லாதம்மா, அவருதான் அந்த வீட்டச் சொன்னாரு, மனசு ஒடஞ்சிடுவாருன்னு சொல்லிட்டா. அட்டை பாத்து நீங்க சந்தோஷப்பட்டீங்களா... அதையே எழுதுனா."

நான் நெல்லைக் கையால் கிளறிவிட்டேன்.

"நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. அந்த வீட்டுக்குப் போன்னு நீங்கதான் சொன்னீங்க. வான்னும் நீங்கதான் சொல்லணும்."

5 ஜனவரி 2025

ழான் குடும்பம் கிளம்பிவிட்டது. என் கருவடாமும் போகிறது. அவள் அதைப் பொரித்து அவர்களுக்கே வைப்பாள்.

7 ஜனவரி

மூன்று நாளாக எழுதிய கடிதம் முடிந்தது. என் முதல் கடிதம். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"நித்யா. தாத்தா எழுதுவது. அந்த வீட்டில் இருக்கச் சொன்னது நான். தப்பு. உன் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கு. அங்கிருந்து வெளியே வா. ஹாஸ்டலுக்குப் போ. அப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நீ படி. எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடு."

வீட்டுக்கு அனுப்பினால் ஷர்லோத் கையில் கிடைக்கும். அதனால் காலேஜ் முகவரிக்கு. அது இங்கிலீஷ் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. நித்யாவின் பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தேன்.

நௌஷின் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "ஒரு தப்புகூட இல்லங்க ஐயா" என்றது. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நடந்தும் அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பங்கஜம் சொன்னாள்: "குடுங்க மாமா, ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு, அவரு கண்ணுல படாம உடனே அழிச்சிடுறேன். இன்னைக்கே பாத்துடுவா." வேண்டாம் என்றேன். நான் எழுதிய முதல் கடிதம். காகிதமாகவே அவள் கையில் போய்ச் சேரட்டும்.

8 ஜனவரி

தபாலில் போட்டால் இருபது நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்றார் சஃபியுல்லா. காரைக்காலில் கிறிஸ்தோஃப் நாளை பாரிஸ் போகிறார். நல்ல மனுஷன், அங்கே பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் கொடுத்தேன்.

"அங்க எறங்கினதும் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில போட்டுடுங்க தம்பி. ரெண்டு நாள்ல போயிடும்."

"அதுக்கென்னண்ணே, நம்ம புள்ளைக்குச் செய்ய மாட்டேனா?"

நௌஷின் உறையை ஒட்டிக் கொடுக்கச் சொன்னது. நான் ஒட்டவில்லை. ஆள் கையில் கொடுக்கும் கடிதத்தை ஒட்டினால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கம் யாரும் ஒட்ட மாட்டார்கள்.

14 ஜனவரி

பொங்கல். பானை பொங்கியது. ஃபோன் வரவில்லை.

17 ஜனவரி

ஷர்லோத் கார்த்திகேசனுக்கு ஃபோன் செய்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான், நான் கேட்க வேண்டும் என்றே.

கிறிஸ்தோஃப் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. நித்யா ழான் வீட்டில்தானே இருக்கிறாள், தபாலில் போட்டு ஏன் நாளைக் கடத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் ரயிலில் போய், நேரில் கொண்டு கொடுத்துவிட்டார். ஷர்லோத் கையில்.

"உங்கப்பாவுக்கு எழுத்து வந்துடுச்சு, ரொம்ப சந்தோஷம். எங்க வீட்ல காபி குடிச்சிட்டுப் போயி, அங்கேர்ந்து வெளிய வான்னு எழுதுறாரா? நாங்க என்ன கட்டிப் போட்டா வச்சிருந்தோம்? பெட்டிய வெளிய வச்சாச்சு. பாஸ்போர்ட்டையும் குடுத்தாச்சு. இனிமே நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு."

"எப்ப போனா?" என்று பங்கஜம் கத்தினாள்.

"நேத்து சாயங்காலம்."

அவள் ஃபோனுக்குப் பணம் கட்டியதும் அவர்கள்தான். அதையும் நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டால் பிரெஞ்சில் ஏதோ ஒரு பொம்பளைக் குரல் வருகிறது.

கார்த்திகேசன் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "எழுபது வருஷம் எழுதாம இருந்தீங்களேப்பா. இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கக் கூடாதா?"

18 ஜனவரி

அங்கே தண்ணீர் உறைகிற குளிர் என்று நௌஷின் ஃபோனில் பார்த்துச் சொன்னது.

19 ஜனவரி

தகவல் இல்லை.

20 ஜனவரி

தகவல் இல்லை. ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்னு சொன்னாளே. ஏன்டா சுப்பையா வேணாம்னே? காகிதமாப் போவணுமாம். உன் கையெழுத்த அவ தொட்டுப் பாக்கணுமாம். போய்ச் சேந்துச்சா? சேந்துச்சு. நல்லாச் சேந்துச்சு.

21 ஜனவரி

மறுபடியும் நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு நம்பிக் குடுத்தியே. ஒரு தடவ பட்டது போதலயா?

22 ஜனவரி

பங்கஜத்துக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. "அம்மா. உயிரோட இருக்கேன். கூடப் படிக்கிற பொண்ணு ரூம்ல இருக்கேன். தேடாதீங்க." பங்கஜம் அதை எனக்குப் படிக்கவில்லை. ஃபோனை என் கையில் கொடுத்தாள். நானே படித்தேன். அந்த வீட்டைவிட்டு வந்து ஆறு நாளாகி இருக்கிறது. முதல் ராத்திரி எங்கே இருந்தாள் என்று அதில் இல்லை.

9 பிப்ரவரி

அறுவடை. மெஷின் வந்தது. கார்த்திகேசன் அந்த எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்டான். இப்போது அதையும் யாரும் எடுப்பதில்லை. "பாரிஸ்ல நம்ம ஆளுங்க நூறு பேரு இருக்காங்க. எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் தெரியட்டும், போய்க் கூட்டிட்டு வந்து ழான் வீட்ல மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்" என்கிறான். கல்யாணப் பேச்சு இன்னும் அவன் மனதில் இருக்கிறது.

என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டியதைப் பங்கஜத்திடம் சொல்கிறான், அவள் என்னிடம் சொல்கிறாள். ஒரே கூடம். மூன்று பேர்.

2 மார்ச்

கார்த்திகேசன் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டான். அது இப்போது வைக்கோல் போரின் மேல் கிடக்கிறது. நித்யாவின் முகம் வானத்தைப் பார்த்து இருக்கிறது. நான் போய் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.

23 மார்ச்

எழுத்தறிவுப் பரீட்சை. ஒன்றைத் தவிர எல்லாம் எழுதினேன். 'வெளியூரில் இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதுக' என்று ஒரு கேள்வி. சொர்ணாம்பாள் என் பக்கம் எட்டிப் பார்த்து, "சுப்பையா, உனக்கு இது தண்ணி பட்ட பாடாச்சே" என்றது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டது.

அந்தக் கேள்வியை எழுதவில்லை. ஆனாலும் தேறிவிடுவேன் என்றது நௌஷின்.

14 ஜூன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். குறுவைக்கு இந்த முறை தண்ணீர் கிடைக்கும்.

பதினொரு மணிக்கு ஒன்பதாவது அட்டை வந்தது. சஃபியுல்லா கத்தவில்லை. இறங்கி வந்து கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை பெரிய எழுத்து இல்லை. இடம் விடவும் இல்லை. சாதாரணமாக எல்லோருக்கும் எழுதுகிற மாதிரி, சின்னதாக, நெருக்கி எழுதியிருக்கிறாள். படித்து முடிக்க வெகு நேரம் ஆனது.

"தாத்தா, படத்தில இருக்கிற ஆத்துப் பாலத்துல நிஜமாவே நின்னேன். நாலு பேர் ஒரு ரூம். ஒருத்தி மொரோக்கோ, ஒருத்தி வியட்நாம், ஒருத்தி பிரேசில். ஆளுக்கு ஒரு நாள் சமையல். சனிக்கிழமை என் முறை, புளிக்குழம்பு வச்சா காரத்துல அழுதுக்கிட்டே சாப்பிடுறாங்க. வருஷம் போச்சு. ஒரு பரீட்சையும் எழுதல. ஆகஸ்ட்டோட விசா முடியுது, அப்புறம் தெரியல. வீட்டுக்கு வரல. நீங்க எழுதுன லெட்டர அந்தம்மா எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க, கையில குடுக்கல. ஆனா கேட்டேன். கோவம் இல்ல தாத்தா. அட்ரஸ் மட்டும் எழுதல. நீங்க நல்ல மனசோட யாருகிட்டயாவது குடுத்துடுவீங்க."

மூன்று தடவை படித்தேன். வகுப்புக்கு எடுத்துப் போகவில்லை.

பாலத்தின் படம். புதிய அட்டை, கறை எதுவும் இல்லை. கீழே மூலையில் சின்ன எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கிறது. இங்கிலீஷ் எழுத்து. அந்த ஊரின் பெயராக இருக்கும். நௌஷினிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். எனக்கும் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

கார்த்திகேசன் ஆறு மணிக்கு வருவான்.

இந்தப் பேனாவால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்பது எழுத்து. தபால் முத்திரையிலும் ஊர் இருக்கும் என்று சஃபியுல்லா முன்பு சொல்லியிருக்கிறார். அதையும் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அட்டையைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தேன்.